நீலக் கைக்கு ஒரு மாவுக்கட்டு

என் தம்பி பெண்டாட்டியின் கைகள் நீலம். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி நாலு விரற்கடை வரை ஒரே நீலம். அதற்கு மேலே எல்லோரையும்போல மாநிறம். நகங்கள் இன்னும் ஒரு படி கறுத்த நீலம். சோப்பு, எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய் எதற்கும் அது அசைந்து கொடுத்ததில்லை. தெருவில் அவளுக்கு நீலக்கை என்றே பெயர் விழுந்துவிட்டது. புதிதாக வந்த தபால்காரர்கூட முதல் வாரமே, "நீலக்கையம்மா வீடு இதுதானே?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவளுக்கு அதில் துளி வருத்தமில்லை. "தனியா போர்டு வெக்க வேணாம்" என்றாள்.

நூலுக்குச் சாயம் போட்டு, அதைத் தறியில் நெய்து, நெய்த துணியைச் சட்டையாகவும் பாவாடையாகவும் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். மூன்று பேர் செய்யவேண்டிய வேலையை ஒருத்தியே செய்கிறாளே என்று வருகிறவர்கள் மெச்சிக்கொள்வார்கள். மூன்று பேரின் பிடிவாதமும் அந்த ஒருத்தியிடம் இருப்பதை அவர்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவள் நான். பல்செட்டைக் கழற்றி என் மேல் எறிந்த பெரியவரைச் சமாளித்திருக்கிறேன். மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து ஜன்னல் வழியே துப்பிய டீச்சரம்மாவையும் சமாளித்திருக்கிறேன். இவளிடம்தான் தோற்றுப்போனேன்.

கல்யாணமாகி வந்தபோது அவள் கை எல்லார் கையையும்போலத்தான் இருந்தது. ஒரு தையல்கடையில் துணி வெட்டிக்கொடுக்கும் வேலை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வீட்டுக்கு வந்து, அதோடேயே சமைத்து, அதோடேயே தூங்கிவிடுவாள். ஒரு நாள், அவள் வெட்டிக்கொடுத்த கோட்டின் உள்துணி மழையில் சாயம் விட்டு, போட்டிருந்தவரின் வெள்ளைச் சட்டையை முழுக்கச் சிவப்பாக்கிவிட்டது. அந்த மனிதர் கத்திக்குத்து வாங்கியவர்போலக் கடைக்குள் வந்து நின்றாராம். முதலாளி, துணியை விற்றவனை விட்டுவிட்டு இவளைப் பிடித்துக்கொண்டார்.

வேறு யாராவது என்றால் இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பார்கள். இவள் கடையில் இருந்த ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து வீட்டில் கொதிக்கவைத்தாள். எது சாயம் விடுகிறது, எது விடவில்லை என்று பார்க்க. என் தம்பி பசியோடு வந்து மூடியைத் திறந்தான். உள்ளே கந்தல் வெந்துகொண்டிருந்தது.

அதிலிருந்துதான் ஆரம்பம். விட்டுப்போகாத சாயத்தைத் தானே போட்டுப் பார்த்தால் என்ன என்று கிளம்பிவிட்டாள். வெங்காயச் சருகில் ஒரு மஞ்சள், மாதுளை ஓட்டில் இன்னொரு மஞ்சள், துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீரில் கறுப்பு. இருபது வருஷத்துக்கு மேலாக என் வீட்டு வெங்காயச் சருகை நான் குப்பையில் போட்டதில்லை. போட்டால் கண்டுபிடித்துவிடுவாள். "அண்ணி, நேத்து வெங்காயம் வதக்குன வாசனை வந்துச்சே, சருகு எங்க?" என்று வாசலில் வந்து நிற்பாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என் வீடு.

நெசவை ஒரு ஆறு மாத வகுப்பில் கற்றுக்கொண்டாள். வகுப்பு முடிந்த மறுநாளே தறி வாங்கினாள். அளவெடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவள், தன் வீட்டு வாசல் நிலையை அளக்காமல் வாங்கினாள். சரக்கு வண்டியில் வந்து இறங்கிய தறி வாசல் வழியே நுழையவில்லை. ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து எடுத்து உள்ளே விட்டார்கள். முன்னறையில் தறி உட்கார்ந்ததும் அங்கே இருந்த கட்டிலுக்கு இடமில்லை. அது என் வீட்டுக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக என் தம்பி பாயில் படுக்கிறான். அந்த ஜன்னல் இன்றுவரை சரியாகச் சாத்திக்கொள்வதில்லை.

நீலம் வந்தது அதற்கும் பிறகு. அவுரி இலையிலிருந்து எடுக்கும் சாயக்கட்டியை ஒரு தொட்டியில் கரைத்து, சுண்ணாம்பும் தவிடும் போட்டு, வாரக்கணக்கில் புளிக்கவைக்க வேண்டும். அது புளித்து உயிர் பிடித்தால்தான் நூலில் நீலம் ஏறும். தினமும் கலக்க வேண்டும். தீனி போட வேண்டும். குளிர்ந்தால் சாக்கைப் போர்த்த வேண்டும். முக்கி எடுக்கும்போது நூல் பச்சையாக வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. நாற்றம்தான் தாங்காது. இத்தனை வருஷம் படுக்கைச் சட்டி எடுத்த எனக்கு அந்த நாற்றம் புதிதல்ல. எனக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். என் தம்பி சும்மா முகர்ந்துகொண்டிருந்தான்.

அவர்களுக்கு ஒரே பெண். வேலை கிடைத்து வெளியூர் போனபோது என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "அத்தை, அம்மா என் பொறந்தநாள மறந்துடுவாங்க, அதக்கூட விட்டுடறேன். ஆனா எனக்கு முன்னாடி தொட்டிக்குச் சாப்பாடு போட்டாங்க பாருங்க, அத மட்டும் மன்னிக்க மாட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அவள் வேலை சுத்தம். அந்தச் சுத்தம் முழுக்க அவளுடைய வலது கை விரல்களில் இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலை ஒரு உருட்டு உருட்டினால் போதும். காய்ந்ததா, காய்ந்ததுபோல நடிக்கிறதா, முறுக்கு சரியா, எந்த இடத்தில் அறுந்து முடிச்சு விழப்போகிறது, எல்லாம் சொல்லிவிடுவாள். உள்ளே ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும் நூலைத் தறியில் ஏற்றினால் துணி பின்னால் சுருங்கிக் கோணும். அவள் துணி ஒன்றுகூடக் கோணியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்ப்பாள். "தெரியும்" என்பாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் எதற்கும் சொல்வாள். மழை வருமா என்று கேட்டாலும் தெரியும், மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டாலும் தெரியும்.

போன வருஷம் ஒரு பாட்டுக் குழு அவளிடம் பன்னிரண்டு நீளச் சட்டைகளுக்குச் சொல்லியிருந்தது. பன்னிரண்டும் ஒரே நீலமாக இருக்க வேண்டும். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், ஏற்றியாகிவிட்டது. குறுக்கே போகும் ஊடை நூலில் மூன்றில் இரண்டு பங்கு சாயம் போட்டு முடிந்தது. மீதியை முக்கும் நாளில், ஈர நூலை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் நடந்தவள், தொட்டியோரம் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு உடைந்தது. நூல் தரையில் படவில்லை. அதை முதலில் சொன்னாள் என்று என் தம்பி பிறகு சொன்னான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. அதற்கு மேலே இரண்டு கண்கள் எரிந்துகொண்டிருந்தன. வராந்தாவில் என் தம்பி அழுதுகொண்டிருந்தான்.

"கைதானே உடைஞ்சுது? மாஸ்க் எதுக்கு?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"பேஷண்ட் நீலமாயிட்டாங்க மேடம். கிளிப்புல நம்பரே வரல."

"இருபது வருஷமா நீலம்தான்" என்றேன்.

விரலில் மாட்டும் அந்தக் கிளிப் நகத்தின் வழியே வெளிச்சத்தைச் செலுத்தி ரத்தத்தைப் பார்க்கும். அவள் நகம் வழியே அது எதைப் பார்க்கும்? கால்விரலில் மாட்டலாம் என்று போர்வையை விலக்கினால் கால்விரலும் நீலம். கடைசியில் காது மடலில் மாட்டினோம். தொண்ணூற்றெட்டு காட்டியது. அந்த இளம் டாக்டர் முதலில் சிரித்தார், பிறகு நர்ஸ், பிறகு நானும். மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள், "நான் அப்பவே சொன்னேன். ஒருத்தரும் காதுல போட்டுக்கல" என்றாள்.

சிரித்ததோடு நான் நிறுத்தியிருக்கக் கூடாது. அந்தக் கிளிப் எனக்கு ஒரு விஷயத்தைச் சொன்னது. அதை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

விரல்கள் மட்டும் வெளியே தெரிய, முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அன்றும் மறுநாளும் நானே கூட இருந்தேன். கையைத் தலையணை மேல் வைக்கவைத்தேன். அவள் தறியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். மூன்றாம் நாள் நான் போயாக வேண்டியிருந்தது. என் பழைய நோயாளி ஒருவருக்குக் கண் ஆபரேஷன். கூட இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஒன்றரை நாள் வேலை. எனவே ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் தம்பிக்குக் குறிப்பு எழுதித் தறிக் காலில் ஒட்டினேன். கை நெஞ்சுக்கு மேலே, இரண்டு தலையணை. விரலை மணிக்குப் பத்து முறை மடக்கி நீட்ட வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் விரலின் நிறம் பார்க்க வேண்டும். நீலமானால் உடனே எனக்குப் போன்.

நூறு வீடுகளில் எழுதிக்கொடுத்த குறிப்பு அது. கை தானாக எழுதிவிட்டது.

என் தம்பி தண்ணீர் வாரியத்தில் மீட்டர் படிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு வீடு போய், முள் எங்கே நிற்கிறதோ அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தவன். அவனை நம்பி ஒரு வேலையை விட்டால் கண்ணும் கருத்துமாகச் செய்வான். அன்று மாலை போன் செய்தேன்.

"எப்படி இருக்கா?"

"அப்படியேதான் இருக்கா அக்கா. வலிக்குதுன்னு சொல்றா. நிறத்துல ஒரு மாத்தமும் இல்ல."

"விரல் மடக்கறாளா?"

"நான் பாக்கறப்ப மடக்கறா."

நல்லது என்று வைத்துவிட்டேன். நான் சொன்னேன் நல்லது என்று!

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தேன். முன்னறையில் ஆள் இல்லை. இரண்டு தலையணைகளும் தறிப் பலகையில் சுகமாகப் படுத்திருந்தன. பின்பக்கம் போனேன். தொட்டி திறந்திருந்தது. கொடியில் வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல் சிட்டங்கள் வரிசையாகத் தொங்கின, நான் போகும்போது வெள்ளையாக இருந்தவை. அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை மடியிலிருந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"கை எங்க இருக்கணும்?"

"மேலதான் இருந்துச்சு அண்ணி. இப்பத்தான் எறக்கினேன்."

"தொட்டி ஏன் தொறந்திருக்கு?"

"கொஞ்சம் காத்தாடட்டுமேன்னு."

"உன் இடது கையில என்ன?"

கலக்குகிற குச்சியைக் குனிந்து பார்த்தாள், யாரோ அவள் கையில் வைத்துவிட்டுப் போனதுபோல.

"நூலுக்கு யாரு சாயம் போட்டது?"

"தொட்டி நல்ல பதத்துல இருந்துச்சு அண்ணி. ரெண்டு நாள் விட்டா நீலம் வெளுத்துடும். பன்னெண்டு சட்டையும் ஒரே மாதிரி வரணுமே. நேத்து மத்தியானத்துலேருந்து, அவரு தூங்கறப்பல்லாம் நான் பாட்டுக்கு மெதுவா..."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் அதைப் பொருட்படுத்தாமல் எழுந்து, கொடியில் முதல் சிட்டத்தை வலது கை விரல்களால் உருட்டிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான்.

"இது காஞ்சிடுச்சு. வந்ததுதான் வந்தீங்க, எடுத்து உள்ள வெச்சிடுங்க."

எடுத்தேன். தண்ணீர் என் முழங்கை வரை வழிந்தது.

"என்ன சொன்ன?"

"காஞ்சிடுச்சுன்னேன்."

"மறுபடி தொட்டுப் பாரு."

தொட்டாள். "காஞ்சுதான் இருக்கு. இருபது வருஷமா தொடறேன், எனக்குத் தெரியாதா?"

கலக்குகிற குச்சியைப் பிடுங்கிப் போட்டேன். அவளை முக்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். காய்ந்த நூல் ஒன்றை அறுத்து, அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினேன்.

"விரல்ல என்ன இருக்கு, சொல்லு."

"வைங்க, சொல்றேன்."

"கண்ணத் தொற."

திறந்தாள். தன் விரல்களுக்கு நடுவே இருந்த நூலைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. விரல்களைப் பிடித்தேன். மற்ற கை வெயிலில் சூடாக இருந்தது. இந்த விரல்கள் குழாய்போலச் சில்லென்று இருந்தன.

"எப்பலேருந்து இப்படி?"

"ராத்திரி பூரா ஒரே வலி. காலைல விட்டுடுச்சு. சரியாயிடுச்சு போலன்னு நெனச்சேன். கொஞ்சம் மரத்த மாதிரி... கட்டுன்னா அப்படித்தான இருக்கும்?"

கட்டு இறுகும்போது முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். மரத்துப்போன பின் நேரம் அதிகமில்லை. இதற்குள் என் தம்பி நோட்டோடு வந்து நின்றான்.

"அக்கா, நான் ஒருவேளகூட விடாம எழுதி வெச்சிருக்கேன்." படித்தும் காட்டினான். "காலை ஆறு மணி, நீலம். எட்டு மணி, நீலம். பத்து மணி, நீலம். மாற்றம் இல்லை."

"விரலத் தொட்டுப் பாத்தியா?"

"தொட்டா கத்தறா. நீயும் பாக்கத்தான எழுதியிருந்த?"

உண்மைதான். தறிக் காலில் என் கையெழுத்தே தொங்கிக்கொண்டிருந்தது: நீலமானால். இருபது வருஷமாக நீலமாக இருக்கும் கைக்கு அந்தக் குறிப்பு. சூடு இருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. ஆனாலும் அவர்கள் இருவரையும் ஒரு பாட்டம் திட்டினேன். இல்லாவிட்டால் என்னால் நடந்திருக்க முடியாது.

"தொட்டிய மூடிட்டு வந்துடறேன்" என்றாள்.

மூடியை நானே எடுத்துப் போட்டு, அதன் மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றினேன்.

அதே இளம் டாக்டர். இந்த முறை சிரிக்கவில்லை. கட்டை இரண்டு பக்கமும் அறுத்துப் பிரித்தார். உள்ளே சுற்றியிருந்த பஞ்சு மணிக்கட்டு வரை நீலமாக, காய்ந்து, கயிறுபோல முறுகிக்கிடந்தது.

"உள்ள எப்படிம்மா நீலம் போச்சு?"

அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல?"

"பிழியறதுக்கு ஒரு கை பத்தல டாக்டர்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "இவங்க சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"நீங்க சொல்லிப் பாருங்க" என்றேன்.

சொன்னார். அரை நாள் தாமதித்திருந்தால் கையே பிழைத்திருக்காது என்று சொன்னார். வீக்கம் ஒரு பக்கம், நனைந்து காய்ந்து இறுகிய பஞ்சு ஒரு பக்கம். நடுவில் நரம்பு நசுங்கியிருக்கிறது. உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம். ஆறு வாரம் கையை மேலேயே வைத்திருந்து பார்ப்போம் என்றார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆள்காட்டி விரல் வருமா டாக்டர்?"

"தெரியாதும்மா. காத்திருந்துதான் பாக்கணும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வராந்தாவில் நின்றுகொண்டே பாட்டுக் குழுவை நடத்தும் டீச்சருக்கு நான் போன் செய்தேன். சட்டைகள் தாமதமாகும் என்று சொல்ல வாயெடுத்ததும் அந்த அம்மாள், "ஐயோ, அவசரமே இல்லீங்க. நிகழ்ச்சியத் தள்ளி வெச்சு ஒரு மாசமாச்சு. அவங்களுக்குச் சொல்லணும் சொல்லணும்னு மறந்தே போயிட்டேன்" என்றார். மூன்று நிமிஷப் பேச்சு. விழுந்த அன்றே இவள் அந்தப் போனைச் செய்திருந்தால் கதை வேறு. ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, "அவங்க எப்பக் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். தெரியுமாம்!

ஆறு வாரம் அங்கேயே தங்கினேன். கையைக் கீழே இறக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: தொட்டியை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுபத்தொரு வயதில், எனக்குக் கடைசியாக வந்து சேர்ந்த நோயாளி ஒரு சாயத் தொட்டி. காலையில் கலக்கினேன், தவிடு போட்டேன், சாக்குப் போர்த்தினேன். முன்னறையிலிருந்து அவள் உத்தரவு போட்டுக்கொண்டே இருப்பாள்.

"அண்ணி, ரொம்பத் தீனி போட்டுடாதீங்க. அதுக்கு வயிறு கெட்டுடும்."

"எனக்குச் சொல்லித் தராத. எத்தனை பேருக்குக் கஞ்சி ஊத்தியிருக்கேன்!"

ஒன்பதாம் நாள் தொட்டி செத்துப்போனது. மேலே நுரை கட்டவில்லை. முக்கி எடுத்த நூல் அழுக்குச் சாம்பல் நிறத்தில் வந்தது. ஆறு வாரமாக அவள் வளர்த்தது. ஒரு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, வுடுங்க" என்றாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் கடைசியாகப் போட்ட அந்த ஈரச் சிட்டங்களும், அவசரத்தில் நாங்கள் கொடியிலேயே விட்டுப்போனதால், ராத்திரி மழையில் திட்டுத் திட்டாகக் கெட்டிருந்தன. ஆகக் கையைப் பணயம் வைத்துப் போட்ட சாயம் ஒரு சட்டைக்குக்கூட ஆகவில்லை.

தினமும் காலையில் விரல்களைச் சோதித்தேன். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலிலும் நூல் வைப்பேன். அதிலும் ஏமாற்று வேலை. இமையை ஒரு நூலளவு திறந்துவைத்துக்கொண்டு, "தெரியுது, தெரியுது" என்பாள். ஒரு நாள் துண்டால் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டேன்.

"இப்ப?"

"நூல். மெல்லிசு நூல்."

"ஒண்ணுமே வெக்கல."

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

நடுவிரல் மூன்றாம் வாரம் வந்தது. குறுகுறுவென்று எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கத்தினாள். என் தம்பி ஓடிவந்து நோட்டில் நேரம் குறித்தான். கட்டைவிரல் அடுத்த வாரம். ஆள்காட்டி விரலில் சூடு தெரிந்தது, குத்தினால் தெரிந்தது. நூல் ஈரமா, காய்ந்ததா என்பது மட்டும் தெரியவில்லை. கட்டுப் பிரித்துப் பயிற்சியெல்லாம் செய்தும், நாலு மாதம் கழித்தும், அந்த நுனி அப்படியேதான் இருந்தது. டாக்டர் இனிமேல் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.

நெய்ய முடிந்தது. நாடாவை, அதுதான் ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் அந்த மரத்துண்டை, பழைய வேகத்துக்குத் தள்ள ஒரு மாதம் ஆயிற்று. புதுத் தொட்டி வைத்தாள். புதுத் தொட்டியின் நீலம் பழைய நீலத்தோடு ஒட்டவில்லை. ஒரு இழை வெளுப்பு. இரண்டு நாள் துணியை விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த வெளுத்த மூன்றில் ஒரு பங்கு முழுவதையும் சட்டைக் கைகளுக்கு வெட்டினாள். பன்னிரண்டு சட்டைக்கும் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். பாட்டு டீச்சர் பார்த்துவிட்டு, "என்ன அழகான யோசனை! அடுத்த தடவையும் இதே மாதிரி கை மட்டும் வெளுப்பா வேணும்" என்றார். இவள் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு என்னிடம், "அது தப்புன்னு கூடத் தெரியல பாருங்க" என்று குமுறினாள்.

போன மாதம் ஒரு நாள் சருகு கொடுக்கப் போயிருந்தேன். கொடியில் சிட்டங்கள் தொங்கின. அவள் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினாள். பிறகு நடுவிரலால் உருட்டினாள். கண்ணை மூடினாள், திறந்தாள். மறுபடி ஆள்காட்டி விரல். நான் பையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கப்படி இப்போது அந்த வார்த்தை வரும், ஈர நூல் தறியில் ஏறும், துணி கோணும், அதற்கும் நான்தான் பேச்சு கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

"அண்ணி."

"என்ன?"

"தெரியல. நீங்க பாருங்க."

கையைத் துடைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்வதற்குள் சிட்டத்தை அப்படியே என் கன்னத்தில் வைத்து அழுத்திவிட்டாள். விரலைவிடக் கன்னத்துக்கு ஈரம் நன்றாகத் தெரியுமாம். அப்படியென்றால் தன் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்டேன். அவள் கன்னம் எப்போதும் வேர்த்திருக்கிறதாம், கணக்கு தப்பிவிடுமாம்.

"சொல்லுங்க. காஞ்சிருக்கா?"

"ஈரம்."

"எவ்ளோ ஈரம்?"

"ஈரம்னா ஈரம். இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கட்டும்."

எதிர்ப்பேச்சு இல்லாமல் திரும்பக் கொடியில் போட்டாள். இப்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று நாள் ஆள் அனுப்பிவிடுகிறாள், கன்னம் வேண்டும் என்று.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் தபால்காரர் வண்டியை நிறுத்தி, "என்னம்மா, யாராச்சும் அறைஞ்சுட்டாங்களா?" என்று கேட்டார். கண்ணாடியில் பார்த்தேன். காதோரத்திலிருந்து வாய் ஓரம் வரை பட்டையாக நீலம். சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். மறுநாள் என் தம்பி வந்தான். வாசலிலேயே நின்று, கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, என் கன்னத்தைச் சிரத்தையாகப் பார்த்தான். பிறகு தொட்டும் பார்த்தான்.

"சூடாத்தான் இருக்கு அக்கா" என்றான். "நிறத்துல மாத்தம் இல்ல."